பஸ் இல்லாத தீவு

மாலத்தீவுக்குப் போகிறோம் என்று சொன்னதும் பக்கத்து வீட்டுச் செண்பகவல்லி மதினி, "அங்கன என்னட்டி இருக்கு?" என்று கேட்டாள்.

"கடல் இருக்கு மதினி."

"கடலு சரி. வேற?"

"வேற ஒண்ணும் கிடையாது. சுத்திக் கடல், நடுவுல ரிசார்ட்."

"நல்லாருக்குட்டி கதை! குத்தாலத்துல சாரல் விழுந்து ஊரு உலகமே இங்கன வருது. இவ தண்ணியத் தேடி பிளைட்டு ஏறுதா."

நானும் சேர்ந்து சிரித்தேன். டிக்கெட் எடுத்தது என் மகள் சுஜிதா. பெங்களூரில் வேலை பார்க்கிறாள். "எப்பாவும் நீயும் தனியா எங்கயுமே போனதில்லைல்லா. ரெண்டு தீவு, நாலு ராத்திரி. எம்மா, தயவுசெஞ்சு ஆபீஸ், லீவுன்னு ஆரம்பிக்காத" என்று போனில் சொல்லிவிட்டு, நான் ஆரம்பிப்பதற்குள் வைத்துவிட்டாள். வீரகேரளம்புதூர் தாலுகா ஆபீசில் எனக்கு வேலை. வெளிநாடு போக அனுமதிக் கடிதம் கேட்டு நான் மனு எழுதிய அன்று ஆபீசே என்னைத் திரும்பிப் பார்த்தது.

தனியாக எங்கும் போனதில்லை என்று மகள் சொன்னது சரிதான். சேர்ந்து இருந்ததே குறைவு. என் கணவர் இசக்கிமணி முப்பது வருடம் ராணுவத்தில் இருந்தவர். கல்யாணமாகி இருபத்தைந்து வருடத்தில் அவர் லீவில் வந்த நாட்களை எல்லாம் ஒரு மத்தியானம் கூட்டிப் பார்த்தேன். நான்கு வருடத்துக்குக் கொஞ்சம் மேலே வந்தது. கூட வா என்று அவர் ஒரு தடவை கேட்டிருக்கிறார். வரட்டுமா என்று நான் ஒரு தடவை கேட்டிருக்கிறேன். இரண்டும் வெவ்வேறு வருடங்கள்.

ஜனவரியில் அவர் ஓய்வு பெற்று வந்தார். நான் எத்தனையோ வருடமாகக் காத்திருந்தது அதற்குத்தான். வந்த இரண்டாம் வாரம் சமையலறையில் இருந்த டப்பாக்கள் எல்லாவற்றிலும் வெள்ளைத் தாள் ஒட்டி, பெரிய ஆங்கில எழுத்தில் சால்ட், தால், ஜீரா என்று எழுதி, உயர வரிசையில் அடுக்கி வைத்தார். என் சேலைகளைச் சதுரம் சதுரமாக மடித்தார். காலை ஐந்து மணிக்கு எல்லா ஜன்னலையும் திறந்தார். அந்தச் சமையலறையில் கண்ணை மூடிக்கொண்டு கடுகை எடுப்பவள் நான். இப்போது என் வீட்டிலேயே எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியிருந்தது. எப்போதும் எட்டு நாற்பது பஸ்சில் போகிறவள், ஏழு ஐம்பது பஸ்சில் போக ஆரம்பித்தேன். ஆபீஸ் திறந்திருக்காது. வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பேன்.

அப்போதுதான் ஹைதராபாத்திலிருந்து அவருடைய பழைய கர்னல் கூப்பிட்டார். ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி வேலை; தங்க இடம் தருவார்கள்; வருடத்துக்கு ஒரு மாதம் லீவு. ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அந்த ஞாயிறுதான் நாங்கள் மாலத்தீவிலிருந்து திரும்புகிற நாள்.

"நீ என்ன சொல்லுத?" என்று கேட்டார்.

"உங்க இஷ்டம்" என்றேன்.

எழுந்து போய் ஷூவுக்குப் பாலிஷ் போட உட்கார்ந்துவிட்டார். போக வேண்டாம் என்கிற இரண்டு வார்த்தை எனக்கு ஏன் வரவில்லை? எத்தனை ரயிலடியில் அதை வாய்க்குள் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். இப்போது சொன்னால் நடந்துவிடும். அதுதான் பயமாக இருந்தது.

புளியறை தாண்டி மலை ஏறி இறங்கித் திருவனந்தபுரம் போய், அங்கிருந்து ஒன்றரை மணி நேரம் பறந்தால் மாலத்தீவு. சென்னைக்குப் போக இதைவிட நேரமாகும். விமானத்திலிருந்து இறங்கிப் படகில் முதல் தீவுக்குப் போனோம். கரையில் இறங்கியதும் குளிர்ந்த ஈரத் துண்டைக் கொடுத்தார்கள். அதை என்ன செய்வது என்று தெரியாமல், மற்றவர்கள் செய்வதைப் பார்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டோம். அறைக்குள் துண்டை அன்னமாக மடித்துக் கட்டில்மேல் வைத்திருந்தார்கள். அதைக் கலைக்க மனம் வராமல் நான் என்னுடைய துண்டையே பயன்படுத்தினேன். அவர் தீயணைக்கும் சிலிண்டர் எங்கே இருக்கிறது, அதன் தேதி முடிந்துவிட்டதா என்று பார்த்துவந்தார்.

"தேதி சரியா இருக்கா?" என்றேன்.

"இருக்கு. ஆனா மாட்டியிருக்க உயரம் சரியில்ல."

இரண்டு நாளும் நாங்கள் மிக மரியாதையாக இருந்தோம். நீங்க முதல்ல குளிங்க, இல்ல நீ குளி. கடலைப் பார்த்து இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் உட்கார்ந்து, தண்ணீர் பச்சையாக இருக்கிறது, இப்போது நீலமாக இருக்கிறது என்று மாறி மாறிச் சொன்னோம். ஹைதராபாத் என்ற பெயரை இருவருமே எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் இரண்டாவது தீவு. இங்கே வீடுகள் கடலுக்குள் மரக்கால்கள்மேல் நின்றன. ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் மரத்தளம், அதில் இரண்டு பேர் நீந்தும் அளவுக்கு ஒரு சிறிய குளம். எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டவர் பென்னி. நாற்பது வயதிருக்கும். புனலூர்க்காரர். நாங்கள் தென்காசி என்றதும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கூப்பினார்.

"சேச்சி, ஞங்கள் எல்லாம் சீசனுக்கு வண்டி பிடிச்சு அங்கேதான் வரும். எத்தனை தடவை குளிச்சிருக்கு!"

மறுநாள் காலை நான் விழித்தபோது என் கணவர் மரத்தளத்தில் நின்றுகொண்டிருந்தார். கடல்மேல் மெல்லிய மழை. காற்று அதைச் சாய்த்துக் கொண்டுவந்து முகத்தில் தெளித்தது.

"சாரல் மாதிரியே இருக்குல்லா?" என்றார். முப்பது வருடத்தில் சாரல் சீசனில் அவருக்கு லீவு கிடைத்தது மூன்று முறைதான்.

எனக்கு எண்ணெய் ஞாபகம் வந்தது. எங்கள் ஊரில் வெளியே குளிக்கப் போவதென்றால் முதலில் பையில் வைப்பது எண்ணெய்தான். சோப்பை மறந்தாலும் மறப்போம். மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை ஒரு பாட்டிலில் ஊற்றி, மூன்று பாலித்தீன் பை சுற்றிப் பெட்டியில் வைத்திருந்தேன். பாட்டிலைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. துண்டைக் கட்டிக்கொண்டு தளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

முதுகில் எண்ணெய் தேய்த்தேன். இடது தோளுக்குக் கீழே விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு இருந்தது.

"இது எப்போ?"

"அது ஆச்சு ஏழு வருஷம். கம்பி கிழிச்சிட்டு."

ஏழு வருடம். என் கை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டது. பிறகு நானும் தலைக்கு வைத்துக்கொண்டு, சுடிதாரோடு அவர் பின்னால் குளத்தில் இறங்கினேன்.

அருவியில் எண்ணெய் எங்கே போகிறது என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை. தலையில் அடிக்கிற தண்ணீர் அதைக் கொண்டுபோய்விடும். அடுத்த ஆள் வந்து நிற்கும்போது புதுத் தண்ணீர். இந்தத் தண்ணீர் எங்கேயும் போகவில்லை. ஐந்து நிமிடத்தில் குளம் முழுக்க வானவில் நிறத்தில் பரவி, வட்டம் வட்டமாக எங்களைச் சுற்றி ஆடியது. நடுவில் ஒரு மிளகு மிதந்தது. எங்கேயோ அடியில் ஓடிக்கொண்டிருந்த மோட்டார் இருமுவது போலச் சத்தம் போட்டு நின்றது.

பென்னியும் கையில் வாக்கி டாக்கி வைத்திருந்த ஒரு அதிகாரியும் வந்தார்கள். அடுத்த வீட்டுத் தளத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரத் தம்பதி காபிக் கோப்பையோடு எட்டிப் பார்த்தார்கள். பென்னி குனிந்து ஒரு விரலைத் தண்ணீரில் தொட்டு மூக்கருகே கொண்டுபோனார். அவர் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார்.

"குற்றாலம்!" என்றார்.

நான் சிரித்திருப்பேன். அதற்குள் என் கணவர், நெஞ்சு முழுக்க எண்ணெய் மினுமினுக்க, அந்த அதிகாரியைப் பார்த்து விறைத்து நின்றுகொண்டு ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டார். பிறகு பென்னியிடம் திரும்பி, "இவளுக்கு என்ன தெரியும்? தென்காசிய விட்டு எங்கன போயிருக்கா" என்றார்.

நான் குளத்தை விட்டு ஏறினேன். உள்ளே போய் உடை மாற்றினேன். தலையில் எண்ணெய் அப்படியே இருந்தது. அவர்கள் போன பிறகு அவர் வாசலில் வந்து நின்றார்.

"ஏட்டி, நான் என்ன சொல்லிட்டேன்?"

"நான் எங்கயும் போகலதான். நானும் போயிருந்தா உங்க அம்மாவ யாரு பாத்திருப்பா? சுஜிதாவ யாரு பள்ளிக்கூடத்துல விட்டிருப்பா? நீங்க ஊர் ஊரா போனீய. நான் இருந்த இடத்துலயே இருந்தேன். அதையே எனக்குக் குறையாச் சொல்லுதீய."

"அதுக்கு இப்ப எங்க போற?"

"எங்கயாவது!"

மரப்பாலத்தில் வேகமாக நடந்து கரைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, போவதற்கு இடமில்லை என்று. தென்காசியாக இருந்தால் ஒரு பஸ் ஏறியிருப்பேன். ஆபீசுக்கோ, கோயிலுக்கோ, யார் வீட்டுக்கோ. இங்கே ஓரமாக வெள்ளை மணலில் ஒரு நடைபாதை. பன்னிரண்டு நிமிடம் நடந்தால் புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து விட்டுவிடும். நடந்தேன்.

தீவின் மறுபக்கம் போனபோது எதிரே அவர் வந்தார். என்னைத் தேடி எதிர்ப்பக்கமாகக் கிளம்பியிருக்கிறார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு தாண்டிப் போனேன். அவரும் நிற்கவில்லை. நின்றால் கெஞ்சுவது போல ஆகிவிடும் என்று நினைத்திருப்பார். ராணுவக்காரர் அணிவகுப்பு மாதிரி கையை வீசிக்கொண்டு போனார்.

ஆறு நிமிடத்தில் படகுத்துறை அருகே மறுபடியும் எதிரே வந்தார். வட்டமான ஊரில் எதிரெதிரே நடந்தால் வேறென்ன ஆகும்? இந்தத் தடவை இருவருமே கடலைப் பார்த்தோம்.

நடந்துகொண்டே யோசித்தேன். எங்களுக்குள் சண்டை வராமல் இருந்ததில்லை. ஆனால் எந்தச் சண்டையும் அவருடைய லீவைத் தாண்டி நீண்டதில்லை. ரயில் ஏறும் நாள் வந்ததும், இந்த நேரத்தில் என்ன என்று நான் முறுக்கு சுட ஆரம்பித்துவிடுவேன். ரயில் அதையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். அடுத்த லீவில் புது மனுஷனாக வந்து இறங்குவார். ஒரு சண்டையை உட்கார்ந்து பேசி முடிக்க எங்கள் இருவருக்கும் தெரியாது. அதற்கு அவசியமே வந்ததில்லை. ஹைதராபாத்துக்குப் போகட்டும் என்று நான் நினைத்தது அவருக்காகவா, இந்தப் பழக்கம் விட்டுப்போகாமல் இருக்கவா?

மூன்றாவது முறை எதிரே வந்தபோது அவருக்கு வேர்த்துக் கொட்டியது. கையில் ஒரு தண்ணீர் பாட்டில்.

"தண்ணி குடிச்சியா?"

"வேண்டாம்."

தாண்டிப் போனேன். நாலாவது முறை அவர் ஒன்றும் கேட்காமல் பாட்டிலை நீட்டினார். வாங்கிக் குடித்துவிட்டுக் கொடுத்தேன். தலையில் வெயில் பட்டு எண்ணெய் காதோரம் வழிந்துகொண்டிருந்தது. அவருக்கும் அப்படித்தான். நிழலில் படுத்திருந்த ஒருத்தி, பளபளவென்று மின்னும் இரண்டு பேர் எதிரெதிரே சுற்றி வந்து ஒருவரை ஒருவர் முறைப்பதைப் புத்தகத்தை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் பார்த்துவிட்டார்.

"இன்னும் எத்தனை ரவுண்டு?" என்றார். "கால் வலிக்குட்டி. நான் ரிட்டையர் ஆனவன்."

நாங்கள் திரும்பி வந்தபோது பென்னி குளத்துத் தண்ணீரை வெளியேற்றிவிட்டு, நீளப் பிரஷ்ஷோடு உள்ளே நின்றார். நீலச் சிறு ஓடுகள்மேல் எண்ணெய் படலமாகப் படிந்திருந்தது.

"நாங்க பண்ணுன வேல. நாங்களே கழுவுதோம்" என்று இவர் பேண்ட்டை மடித்துவிட்டார்.

"ஐயோ, கெஸ்ட் செய்யக்கூடாது சாரே. என் ஜோலி போகும்."

"யாரு பாக்கா? அதிகாரி வந்தா நான் சல்யூட் அடிச்சுக்கிடுதேன்."

பென்னி வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு பிரஷ் எடுத்துவந்தார். நானும் இறங்கினேன். தேய்த்துக்கொண்டே, உங்களுக்கு எப்போது லீவு என்று பென்னியிடம் கேட்டேன்.

"வருஷம் முப்பது நாள் சேச்சி. முதல் வாரம் வீட்டில் என் பார்யா பிரியாணி வைக்கும். மூணாம் வாரம், ரிட்டர்ன் டிக்கெட் எடுத்தாச்சான்னு கேக்கும்." சிரித்தார். நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டு, சோப்புத்தூள் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

காலியான குளத்தில் நாங்கள் இரண்டு மூலையில் உட்கார்ந்து தேய்த்தோம்.

"நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார் ஓடுகளைப் பார்த்துக்கொண்டே. "அந்த ஆளு முன்னால துண்டோட நின்னது ஒரு மாதிரி ஆயிட்டு. முப்பது வருஷம் யூனிஃபார்ம் போட்டுட்டு…"

"தெரியுது. ஆனா இதுவும் உங்களுக்குத் தெரியணும்லா? நீங்க எங்க வீட்டுக்கு வந்து எல்லாத்தையும் மாத்துதீய. டப்பாக்கெல்லாம் பேர் எழுதுதீய. எனக்கு என் அடுப்பங்கரையே ஆபீஸ் மாதிரி ஆயிட்டு."

எங்க வீடு என்று சொன்னது என் காதிலேயே விழுந்தது. அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

"அது உனக்காக எழுதலட்டி. எனக்காக எழுதுனேன். எதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதுல்லா? நீ ஆபீஸ் போன பிறகு ஒரு டீ போடணும்னாக்கூட பத்து டப்பா திறந்து பாப்பேன். ஒவ்வொண்ணுக்கும் உன்னக் கேக்க வெக்கமா இருந்துச்சு. வீட்டுக்காரன் வந்து, சீனி எங்க இருக்குன்னு கேட்டா நல்லாவா இருக்கும்?"

நான் அவரைப் பார்த்தேன். எண்ணெய் வழிந்த நெற்றியோடு ஒரு ஐம்பது வயது மனிதர். ஐந்து மாதமாக அதிகாரம் செய்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது, அவர் தன் சொந்த வீட்டில் வழி தெரியாமல் நின்றிருக்கிறார். நான் ஏழு ஐம்பது பஸ்சில் போய்விட்டேன்.

"நீங்க ஹைதராபாத் போவாண்டாம்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நல்லா இருக்கும்னு சொல்லுதேன்னு நினைக்காதீய. எனக்கு உங்ககூட தினமும் இருந்து பழக்கமில்ல. கோவம் வரும். நீங்க காலையில அஞ்சு மணிக்கு ஜன்னல் திறந்தா நான் கத்துவேன். ஆனாலும் போவாண்டாம். இத நான் பதினேழு பதினெட்டு தடவ ரயிலடியில சொல்லணும்னு நினைச்சிருக்கேன்."

"சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா இறங்கியிருப்பீயளா?"

"மாட்டேன்" என்றார். "ஆனா போற வழி பூராவும் அதையே நினைச்சிட்டுப் போயிருப்பேன்."

பென்னி சோப்புத்தூளோடு வந்தார். மூன்று பேரும் மத்தியானம் வரை தேய்த்தோம். சாயங்காலம் குளம் நிறைந்தது. அன்று நாங்கள் அதில் இறங்கவில்லை. பயம்தான். ஷாம்பு போட்டு மூன்று தடவை தலைக்குக் குளித்துவிட்டு, ஓரத்தில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்துக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை மலை இறங்கும்போது நல்ல மழை. புளியறையில் சோதனைச் சாவடிக்கு முன்னால் லாரிகள் நீளமாக நின்றன. காரை ஒதுக்கி, ஒரு கடையில் டீ குடித்தோம். அவர் போனை எடுத்துக்கொண்டு கடை ஓரமாகப் போனார். தகரக் கூரையில் மழைச் சத்தம். அவர் இந்தியில் பேசியது ஒன்றும் கேட்கவில்லை. முதுகு மட்டும் தெரிந்தது. முதலில் விறைப்பாக இருந்தது. பிறகு கொஞ்சம் தளர்ந்தது. வந்து உட்கார்ந்து, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

"கர்னல் என்ன சொன்னாரு?"

"வீட்டுல சும்மா இருந்து என்ன செய்யப் போறன்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீய?"

"தெரியல சார், வீட்டுக்குப் போயித்தான் பாக்கணும்னு சொன்னேன்."

தென்காசிக்கு நேராகப் போகாமல் குற்றாலத்துக்குக் காரைத் திருப்பச் சொன்னது நான்தான். பாட்டிலில் பாதி எண்ணெய் மிச்சம் இருந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். போன வாரம்கூட மின்விசிறி எத்தனையில் ஓட வேண்டும் என்று பெரிய சண்டை. இரவு இரண்டு பேரும் பேசாமல் படுத்து, காலையில் அதே வீட்டில் அதே ஆட்களாக எழுந்தோம். யாரும் ரயில் ஏறவில்லை. முறுக்கு சுடவில்லை. இட்லிக்கு எண்ணெய் வேண்டுமா, நெய் வேண்டுமா என்று அவர்தான் முதலில் பேச்செடுத்தார்.

இன்று காலை நான் தலை பின்னிக்கொண்டிருந்தபோது சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"ஏட்டி அனுசியா, ஓமம் எங்கன இருக்கு?"

"ஜீரான்னு எழுதியிருக்கீயல்லா, அதுக்குள்ள."

"அப்போ சீரகம்?"

"அந்த டப்பா உங்க கண்ணுல படவே இல்ல, பேரும் எழுதல. மேல் தட்டுல, இடது பக்கம். சுக்குக்குப் பின்னால."

டப்பாக்கள் ஒவ்வொன்றாக நகரும் சத்தம் கேட்டது. ஏதோ ஒன்று கீழே விழுந்து உருண்டது. "விழுந்தது மஞ்சப்பொடி இல்லல்லா?" என்று கேட்டேன். தும்மல் சத்தம் மட்டும் வந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். மணி ஏழு நாற்பத்தைந்து. கைப்பையைக் கட்டில்மேல் வைத்துவிட்டு, துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். எட்டு நாற்பதுக்கு ஒரு பஸ் இருக்கிறது.